தகவல் சொன்னவன் வேடம்

பெரியம்மாவைச் சிரிக்கவைத்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது எனக்குப் பத்து வயது. மற்றவர்களைச் சிரிக்கவைக்க நான் பெரிதாகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. பாடினாலும் சிரித்தார்கள், ஓடினாலும் சிரித்தார்கள், கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டினாலும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் "ம்" என்பதோடு சரி. பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே இல்லாமற் போயிருந்தார். எப்படி என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் வாவிக்கரையில், கண்ணா மரப் பற்றைகளுக்கிடையே வலை கட்டிக் கொக்கும் காட்டுத் தாராவும் பிடித்து விற்பது கூடியிருந்தது. அதைத் தடுக்கவென்று வனசீவராசி அதிகாரி ஒருவர் புளியந்தீவிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மாவட்டத்துக்குப் புதியவர். 'தகவல் தருபவருக்குச் சன்மானம், பெயர் இரகசியம்' என்று ஒரு பதாகை கட்டினார். ஊரைக் கூட்டி இதையே நாடகமாகவும் போடச் சொன்னார்.

தகவல் சொல்பவன் நான். "ஓம், இவன்தான்" என்ற ஒரேயொரு வசனம்தான். முந்தின நாடகத்தில் நான் சொந்தமாகச் சேர்த்த வசனங்களைப் பற்றிப் பாதிரியார் வரைக்கும் முறைப்பாடு போயிருந்தது.

"இதச் சொல்லு, இல்லாட்டிச் சும்மா நில்லு. வேற ஏதும் வாயில வந்திச்சோ, தெரியும்தானே?" என்றார் நாடகம் பழக்கிய டீச்சர்.

வாயைத்தானே கட்டினார், மூளையைக் கட்டவில்லையே. பெயர் இரகசியம் என்றால் முகமும் இரகசியம்தான் என்று யோசித்து, அரிசிச் சாக்கொன்றில் இரண்டு ஓட்டை வெட்டி ஒளித்துவைத்திருந்தேன். மேடையேறும்போது அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

அதிகாரியாக நடித்த பொடியன் மூன்று பேரை வரிசையில் நிறுத்தி, ஒருவனைக் காட்டி, "வலை கட்டினது இவனா?" என்று கேட்டான். சாக்குத் தூசி தொண்டையை அடைத்ததில் எனக்கு வசனம் வரவில்லை. தலையை ஆட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஆட்டியது போதாதாக்கும் என்று சாக்கே குலுங்க இன்னும் பலமாக ஆட்டினேன்.

புது அதிகாரி மட்டும் கைதட்டினார். பின்வரிசையில் கதிரைகள் இழுபட்டன. சிலர் எழுந்து வெளியே போனார்கள். பெரியம்மா மேடைக்கு ஏறிவந்து, சாக்கை உயர்த்தி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீதானா மனே," என்றார்.

வளர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். யுத்த காலத்தில், படையினரின் ஒரு சுற்றிவளைப்பின்போது, அதே பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் ஆண்களை வரிசையாக நடக்கவிட்டிருக்கிறார்கள். சாக்கால் முகம் மூடிய ஒருவன் கதிரையில் இருந்திருக்கிறான். அவன் தலையாட்டியவர்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியப்பாவும் அதில் ஒருவர். ஏறியவர்கள் திரும்பவில்லை. தலையாட்டியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. எங்களைத் தெரிந்தவன் என்பது மட்டும் தெரியும். பதாகை மழையில் வெளுக்கும்வரை தொங்கியது. எங்கள் ஊரிலிருந்து சன்மானம் கேட்டு ஒருவரும் போகவில்லை. காட்டுத் தாராக்களுக்கு அதன் காரணம் விளங்கியிருக்க நியாயமில்லை.

அன்று எனக்கும் விளங்கவில்லை. பெரியம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். அடி எப்போது விழும் என்று நான் காத்திருக்க, அவர் பாதி வழியில் நின்றார்.

"மனே, அதுக்குள்ளால பாக்கக்குள்ள எங்கட முகமெல்லாம் வடிவாத் தெரிஞ்சதா?"

"ஓம் பெரியம்மா! ஆர் ஆர் எங்க இருக்காங்கண்டு எல்லாம் தெரிஞ்சிச்சி. நீங்க ரெண்டாம் வரிசை. ஒரு முகமும் தப்ப ஏலாது."

"ஓம், தெரிஞ்சிருக்கும்," என்றவர் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

ஓட்டை வெட்டிய என் கைவேலையை மெச்ச ஊரில் ஒரு ஆளாவது இருக்கிறார் என்ற பூரிப்போடு நான் பின்னால் நடந்தேன்.