அக்காவுக்கு மறுத்த வாய்க்கரிசி

நான் மோரல் டீச்சர். பாடாங் செராய் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பிக்கிறேன். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். மலாய்ப் பிள்ளைகள் சமயப் பாடத்துக்கு அங்கேயே உட்கார்ந்துகொள்வார்கள். தமிழரும் சீனரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். காலி அறை கிடைத்தால் அறையில், இல்லாவிட்டால் கேன்டீன் மேசையில், மீ கோரெங் வாசத்தோடு பாடம் நடக்கும். பொறுப்பு, நன்றி, நேர்மை என்று நெறிகளை வரிசையாகச் சொல்லி, விளக்கங்களை மனப்பாடம் செய்ய வைப்பேன். ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் போய்விடும் என்று பயமுறுத்துவேன். பெற்றோரை மதிப்பது பற்றிய விளக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் பிள்ளை, பள்ளி வாசலில் அப்பாவின் ஓட்டை மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்க முடியாது. பாடத்தில் முதல் நெறி இறைநம்பிக்கை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். இதைப் பல வருடம் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மா இறந்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது.

நாங்கள் அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர். பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தோம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது அம்மாவும் கல்யாணமாகாத அக்காவும் பாடாங் செராய்த் தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தார்கள். நான் கல்யாணமாகி அதே ஊரில் வேறு தாமானில் இருக்கிறேன். அண்ணன் சுங்கைப் பட்டாணியில் வீடு, கார், கோயில் செயலாளர் பதவி என்று வசதியாகிவிட்டார். அவர் நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வெளியே வரும்போதே நெற்றியில் இருக்கும்.

அக்காவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை. காதல் தோற்கவில்லை, வேண்டுதல் பொய்க்கவில்லை. யாராவது கேட்டால், தனக்கு அப்படி ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். திருவிழாவுக்குக் கூப்பிட்டால் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க மட்டும் வருவாள். உரித்து முடித்ததும் சன்னதிப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போய்விடுவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். தாமானில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. அக்கா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, காலையில் வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்று, மீதி நேரமெல்லாம் அம்மாவோடு இருந்தாள். மலம் அள்ளினாள், புண் வராமல் புரட்டிப் போட்டாள், கஞ்சி ஊட்டினாள். கஞ்சியை இடது கன்னத்துப் பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். வலது பக்கம் கொடுத்தால் வழிந்துவிடும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். நான் ஒருமுறை தெரியாமல் வலது பக்கம் ஊட்டி, அம்மாவுக்கு மூச்சு முட்டி, அக்கா என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அதன் பிறகு என்னைத் துணி துவைக்க மட்டும்தான் விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் வேறு கூத்து. விளக்கேற்றித் தேவாரம் பாடாமல் அம்மா வாயைத் திறக்கமாட்டார். ஆகவே அக்கா விளக்கேற்றினாள். கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டுத் தேவாரமும் படித்துக்கொண்டாள். அவளுக்குச் சுருதியும் சேராது, பக்தியும் கிடையாது. ஒரு வரி விட்டுப்போனால் அம்மா நல்ல கையால் கட்டிலைத் தட்டுவார். அக்கா சிரித்துக்கொண்டே முதலிலிருந்து பாடுவாள். பாட்டு முடிந்ததும் அம்மா குழந்தை மாதிரி வாயைத் திறப்பார். நான் பார்த்த பூசைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை தவறிப்போய் வந்துவிட்டார். அக்கா பாடுவதைக் கேட்டு, நம்பாதவள் விளக்கேற்றுவது சாமியை ஏமாற்றுவது என்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமைதோறும் நீங்களே வந்து ஏற்றுங்கள் என்றாள் அக்கா. வெள்ளிக்கிழமை கோயிலில் வேலை இருக்குமாம். கொண்டுவந்த திருநீற்றை அம்மா நெற்றியில் பூசிவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடியே காருக்குப் போய்விட்டார்.

சாமி கும்பிடுகிறவர்கள் எல்லோரும் அண்ணன் மாதிரி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பக்கத்து வீட்டில் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி இருந்தார். அவரும் தோட்டத்துக் குடும்பம்தான். கழுத்தில் சிலுவை, உதட்டில் எப்போதும் ஜெபம். அம்மாவைக் குளிப்பாட்டும் நேரம் பார்த்து வந்து கால் பக்கம் பிடிப்பார். இதுவும் உங்கள் வேதத்தில் சொல்லியிருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். மோரல் டீச்சர் புத்தி.

"வேதத்துல இருக்கு. ஆனா அதுக்காக வரல டீச்சர். உங்க அக்கா தனியா தூக்குனா இடுப்பு போயிடும் லா" என்றார்.

அம்மா ஒரு காலை நேரத்தில், பாதிக் கஞ்சியில் போய்விட்டார். அண்ணன் வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். கூடாரம், நாற்காலி, மேளம், சடங்கு செய்கிற பண்டாரம், எதிலும் குறை வைக்கவில்லை. சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தார். அதைப் பொய் அழுகை என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக வாய்க்கரிசி போட உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் அக்கா வந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகி, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு நின்றாள். கஞ்சி ஊட்டப் போகும்போதும் அப்படித்தான் துடைத்துக்கொள்வாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நீ வேணாம்" என்றார். "சாமி இல்லன்னு சொல்றவ கையால அரிசி வாங்குனா அம்மா ஆத்மா எப்படிக் கரையேறும்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை நாளா கஞ்சி வாங்குனது எந்தக் கையாலண்ணே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டேன்.

"அது உடம்புக்கு. இது ஆத்மாவுக்கு."

பண்டாரத்தைப் பார்த்தேன். அது குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு அரிசித் தட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார். கோயில் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி பதறிப்போய், அப்படியானால் நானும் போடக்கூடாதே என்று வரிசையிலிருந்து விலகினார். அண்ணன் அவரைத் தடுத்து, நீங்கள் போடலாம், உங்களுக்கு ஒரு சாமியாவது இருக்கிறது என்றார். என் பாடப்புத்தகமே வேட்டி கட்டிக்கொண்டு பேசுகிறது என்று நினைத்தேன். முதல் நெறி இல்லையென்றால் மற்ற எதற்கும் மதிப்பெண் கிடையாது.

நான் விடுவதாக இல்லை. அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடு லா. அம்மா பக்கத்துல சண்டை வேணாம்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. விலகிப்போய், செருப்புகள் குவிந்து கிடந்த வாசலோரம் நின்றுகொண்டாள். நானும் போடமாட்டேன் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

மூத்த மகன் முதலில் போட வேண்டும். அண்ணன் ஒரு பிடி அரிசி எடுத்து அம்மாவின் வாயில் வைத்தார். அரிசி உதட்டில் நிற்காமல் கழுத்துப் பக்கம் சரிந்தது. மறுபடியும் எடுத்தார், மறுபடியும் சரிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அம்மா வாங்க மறுக்கிறார் என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவர் தடுமாறுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா வாசலில் இருந்தபடியே சொன்னாள்.

"இடது பக்கமா வைங்கண்ணே. வலது பக்கம் அம்மாவுக்கு நிக்காது."

அவள் குரலில் கோபமே இல்லை. ஏன் சொன்னாய் என்று அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் இடது பக்கம் நகர்த்தி வைத்தார். அரிசி நின்றது. அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும், அந்தக் கத்தோலிக்கப் பெண்மணியும்கூட, இடது பக்கமே வைத்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் வரைக்கும் அக்கா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.