டாக்டர் மீது நான் எழுதிய புகார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஸ்ரீரங்கத்தில் ஓர் ஏகாதசியன்று சாயங்காலம் நடந்தது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், அம்மா பூஜை அறை வாசலில் வியர்த்துக் கொட்டிச் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டால் பேச்சில்லை. ஆட்டோ பிடித்துத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சர்க்கரை அளவு ஒரேயடியாக இறங்கிவிட்டது, இன்னும் அரை மணி போயிருந்தால் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் லேடி டாக்டர், பத்து நாள் முன்புதான் சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொஞ்சம் வீரியமானதாகக் கொடுத்திருந்தார். அவர்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில், 'அந்த டாக்டரிடம் போகாதீர்கள், என் அம்மா உயிரே போயிருக்கும்' என்று போட்டேன்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், கவனக்குறைவு நிரூபணமானால் டாக்டரின் பதிவையே நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்றார். உடனே மருந்துச் சீட்டிலிருந்த பதிவு எண்ணைப் பார்த்து எழுதி, இரண்டு பக்கத்துக்குப் புகார் தயாரித்து வக்கீலிடமே கொண்டுபோய் நீட்டினேன். "அவசரப்படாதீங்க. முதல்ல கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்குங்க. கேட்டா அவங்க குடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

கொடுக்க மாட்டார், மழுப்புவார் என்று சண்டைக்குத் தயாராகவே கிளினிக்குக்குப் போனேன். என் குரூப் செய்தி டாக்டருக்கும் போயிருந்தது, முகத்தில் தெரிந்தது. "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நகல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

வெளியே பைக் சீட்டில் வைத்துப் படித்தேன். மாத்திரை மாற்றிய தேதிக்கு நேரே, 'ஏகாதசிக்குப் பட்டினி இருப்பவர். விரதத்தன்று இந்த மாத்திரை கூடாது என்று மகனிடம் சொல்லப்பட்டது' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கையெழுத்து. என்னுடையது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அம்மா பக்கத்து அறையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லச் சொல்ல, ஆபீஸிலிருந்து வந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டே "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அம்மாவிடம், "தினமும் தவறாம போட்டுக்கோ" என்றுதான் சொன்னேன். அவளும் தவறாமல், ஏகாதசியன்று வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. திரும்ப உள்ளே போய், "தப்பு என்னுதுங்க டாக்டர்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த புகாரைக் கிழித்துப் போட்டேன். அவரோ, "அம்மாவையே கூப்பிட்டு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம், சார். அதுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சொல்லியிருந்தா மாத்திரையைத்தானேடா விட்டிருப்பேன், ஏகாதசியையா விடப்போறேன்!" என்றாள்.

தவறு என்னுடையது, டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தார் என்று அன்றே குரூப்பில் எழுதினேன். முதல் செய்தியை நாலு பேருக்கு அனுப்பியவர்கள் யாரும் இதை அனுப்பவில்லை. இன்றும் கடைத்தெருவில் யாராவது நிறுத்தி, "நல்ல வேளை சொன்னீங்க, நாங்க அங்க போறதையே விட்டுட்டோம்" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நின்று, கையெழுத்துப் போட்டது நான்தான் என்று முதலிலிருந்து சொல்கிறேன். இன்னும் எத்தனை பேரிடம் சொன்னால் அந்த டாக்டரின் நல்ல பெயரைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.