பெட்டித் தேயிலைமேல் ஒரு பானை கம்போ

போன வாரம், மலாய் நாட்டு மலையூரான கம்போங் ராஜாவில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை... அந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? பக்கத்து மேசைக்காரர் கிளாஸை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். முகர்ந்தார். முகம் சுளித்தார். “மீன் வாடை அடிக்குதுலா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

அவருக்கு என்ன தெரியும், பாவம்? மீன் வாடை அடித்த டீ ஒரு நல்ல மனிதரை, போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வரைக்கும் அனுப்பப் பார்த்தது. அதை நான் கூடவே நின்று பார்த்தவன்.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்துவைத்திருந்த சண்டைக் காலம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஒரு ஜப்பான் துரை குடியேறியிருந்தார். கவாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் தலைவிரித்து நின்றன. மிச்சச் சரிவெல்லாம் மரவள்ளி. காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி, கனவில் மட்டும் சோறு. எங்கள் ஃபேக்டரியில் வாரத்துக்கு ஒரே ஒரு பெட்டித் தேயிலை தயாரானது. அதுவும் பங்களாவுக்கு.

அதைத் தயாரித்தவர் டீமேக்கர் சவரிமுத்து. கோவில் பூசாரியிடம்கூட அத்தனை ஆசாரத்தை நான் பார்த்ததில்லை. வெங்காயம் உரித்த கையோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார். மல்லிகைப் பூவோடு வந்த புதுப்பெண்ணையே வெளியில் நிற்கவைத்தவர். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவருக்கு வேதம். “தேயிலைக்கு உடம்பெல்லாம் மூக்கு, கிராணி” என்பார். நான் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா.

இன்னொருவர் காதர் பாய். அதே மலையிலிருந்த தானா ராத்தா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். அரிசி போனது, கடையும் மூடியது. அதற்கு முன்னால் கப்பலில் சமையல்காரர். அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில், ஒரு கறுப்புச் சமையல்காரர் வீட்டில் ‘கம்போ’ என்று ஒன்று சாப்பிட்டாராம். கோழி, இறால், வெண்டைக்காய், எல்லாம் ஒரே பானையில். இந்தக் கதையை மரவள்ளியைக் கடித்துக்கொண்டே சொல்வார். கேட்டால் பாதி வயிறு நிரம்பும். மீதிப் பாதி முன்னைவிட அதிகமாகக் காயும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத் தாப்பாவிலிருந்து வந்த லோரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார் பாய். கையில் ஓர் இலைப் பொட்டலம். உள்ளே கருவாடும் காய்ந்த இறாலும்.

அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? லெம்பா பெர்த்தாமில் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனரிடம் நான் வெண்டைக்காய் வாங்கி வைத்திருந்தேன். குளிரில் சுருண்டு சுண்டுவிரல் நீளத்துக்குமேல் வளர மறுத்த வெண்டைக்காய். சவரிமுத்துவின் மனைவி பாக்கியம், முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழி ஒன்றைக் கொண்டுவந்தார். பாய் அதை அறுத்தார்.

சரி, எங்கே சமைப்பது? விறகு எல்லாம் ஈரம். வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்தில் பானையை ஏற்றினால் வாசனை கடைசி வீடு வரைக்கும் போகும். பானையோ சிறிது, பசியோ பெரிது. யார் முகத்தைப் பார்த்து எங்களால் விழுங்க முடியும்?

சவரிமுத்து கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காததைச் சொன்னார். ஃபேக்டரி அடுப்பில் தேயிலை காயவைத்த கங்கு அப்படியே இருக்கிறதாம்.

“தேயிலை?” என்றேன் நான்.

“பெட்டிக்குள்ள போயிருச்சு. உள்ள சுத்தின ஈயத்தாள் வாடயத் தடுத்துக்கும். வாங்க.”

பசி பேசியது. நாங்கள் சவரிமுத்து பேசுகிறார் என்று நினைத்தோம்.

முதலில் மாவை எண்ணெயில் வறுக்க வேண்டும் என்றார் பாய். கோதுமை மாவுக்கு எங்கே போவது? மரவள்ளி மாவுதான். சிவந்து நாற்றமடித்த பனை எண்ணெயில் அது கட்டிகட்டியாகத் திரண்டு, கரண்டியோடு மல்லுக்கு நின்றது. எந்த நிறம் வரும்வரை வறுப்பது என்பதில் டீமேக்கர் தலையிட்டார். நன்றாகக் காய்ந்த தேயிலையின் நிறம் வர வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார் அல்லவா? அதில் சவரிமுத்துவை மிஞ்ச ஆள் உண்டா? ஒரு துளியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, “இன்னும் பச்ச வாட இருக்கு” என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு வெண்டைக்காய் விழுந்தது. பானை நூல்நூலாக இழுத்தது. பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

“இந்த வழவழப்பு போகணும்னுதான் நாங்க வதக்கி வதக்கி சாவுறோம். இவரு அது வரணும்னு காத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு.”

“அதுதான் தங்கச்சி இதுக்கு உசுரு” என்றார் பாய். “வழவழப்பு போச்சுன்னா அப்புறம் இது வெறும் குழம்பு.”

“வெறும் குழம்பா? வச்சுப் பாருங்க அப்படி ஒண்ணு.”

கருவாடு விழுந்ததும் வாக்குவாதம் நின்றது. அந்த வாசனை இருக்கிறதே... மழை பெய்யும் மலையில், இரும்பும் துருவும் மணக்கும் அந்தக் கூடத்தில், திடீரென்று ஒரு கடல் எழுந்து நின்றது. அலை இல்லை, கரை இல்லை, ஆனால் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. எங்கள் நால்வருக்கும் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டோம்.

பானையை இறக்கி வைக்க இடம் வேண்டும். சுற்றிப் பார்த்தார் சவரிமுத்து. மூலையில் பங்களாவுக்குப் போக வேண்டிய தேயிலைப் பெட்டி, மேசை உயரத்தில், மேசை அகலத்தில். “இதுமேல வைங்க” என்றார். அதைச் சுற்றி உட்கார்ந்து, அவித்த மரவள்ளியைத் தொட்டுத் தொட்டு, பானையின் அடியைச் சுரண்டும் வரைக்கும் சாப்பிட்டோம். விரல்கள் ஒட்டின. உதடுகள் ஒட்டின. மரவள்ளி மாவின் கைங்கரியம். யாருக்கும் புகார் இல்லை.

திங்கள் காலை பெட்டி பங்களாவுக்குப் போய்விட்டது.

அது போன பிறகு, மாதிரிக்கென்று காலையில் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த ஒரு பிடித் தேயிலையில் சவரிமுத்து டீ போட்டுப் பார்த்திருக்கிறார். நேராக என்னிடம் வந்தார். கையில் கருவாட்டு வாடை அடிக்கும் கோப்பை.

“கிராணி... ஈயத்தாள் இல்ல.”

எனக்குப் புரியவில்லை.

“சண்டை வந்ததிலிருந்து ஈயத்தாள் ஏது? வெறும் பலகைப் பெட்டி. பழைய பழக்கத்துல சொல்லிட்டேன்.”

ஈயத்தாள் இல்லாத பெட்டி. மேலே கொதிக்கும் பானை. உள்ளே, உடம்பெல்லாம் மூக்கான தேயிலை.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று ஒரு கங்காணியை அந்தத் துரை சயாமுக்கு அனுப்பியிருந்தார். மரண ரயில் போடப் போன அந்த ஆளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வணக்கத்துக்கே சயாம் என்றால், கருவாட்டு டீக்கு? பாக்கியம் பயணத்துக்கென்று கணவரின் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். அந்த வாய்க்காரி வாய் மூடியதைப் பார்த்தபோதுதான் எனக்கும் பயம் வந்தது.

மத்தியானத்துக்குள் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. டீமேக்கரைக் கூப்பிடுகிறார்களாம். மலாய் பேசத் துணையாக நானும் போனேன்.

வராந்தாவில் துரை. முன்னால் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கோப்பை டீ. யார் செய்தது என்று தட்டுத்தடுமாறிய மலாயில் கேட்டார். பாயின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். பாய் எப்போதோ தானா ராத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். சவரிமுத்து ஓர் அடி முன்னால் வந்து, “நான்தான்” என்றார். நான் அதை மலாயில் சொன்னேன்.

துரை கோப்பையை எடுத்தார். கவிழ்த்தார். சோற்றின் மேலேயே!

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கோபத்தில்தானே ஒருவன் டீயைச் சோற்றில் கொட்டுவான்? ஆனால் அவர் குச்சிகளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக... யாரோ தூரத்திலிருந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்பவர் மாதிரி. கிண்ணம் காலியானது.

“பாகுஸ்” என்றார். பேஷ் என்று அர்த்தம். பிறகு சன்னமாக, மீன் வைத்த சோற்றில் டீ ஊற்றித் தன் அம்மா கொடுப்பது போலவே இருக்கிறது என்றார். இனி ஒவ்வொரு வாரமும் இதே டீதான் வேண்டும். அதற்கு என்ன தேவை?

சவரிமுத்து என்னைப் பார்த்தார். என்ன பேய் பிடித்ததோ எனக்கு... “கருவாடு வேண்டும், துரை. எண்ணெய், உப்பு, கொஞ்சம் இறால்” என்றேன். அவர் காலிக் கிண்ணத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்டோர் சாவியை எடுத்து வரச் சொன்னார்.

கீழே இறங்கும்போது சவரிமுத்துவின் தோளில் கருவாட்டு மூட்டை. உயிர் திரும்பிய மனிதர் துள்ள வேண்டாமா? இல்லை. கவாத்து வெட்டாத செடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டார்.

“இத்தன வருஷமா சுத்தமா டீ போட்டேன், கிராணி. ஒரு துரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்ல. கருவாட்டுக்குப் போயி...”

இதைக் கேட்கும் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்குக் கிடைத்த பாராட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்களேன். ராப்பகலாக உருகிச் செய்ததற்கு எது வந்தது, சறுக்கி விழுந்ததற்கு எது வந்தது? என் கணக்கு எப்போதும் சறுக்கின பக்கமாகவே சாய்கிறது.

பாக்கியம் கம்பளியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் முகத்தைப் புதைத்து அழுது முடித்துவிட்டு எழுந்து வந்தார். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். “பாய்க்கு ஆளனுப்புங்க” என்றார்.

அதற்குப் பிறகு ஒளிக்க வேண்டியதில்லை. பெரிய பானையாகப் பார்த்து ஏற்றினோம்; வாரா வாரம் அதைத் தேயிலைப் பெட்டிமேல் இறக்கினோம். லயமே தட்டோடு வந்து நின்றது. சவரிமுத்து மட்டும் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்வார்.

என்ன செய்வது? துரையின் உத்தரவு... சாப்பிடாமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?