கடல் எந்தப் பக்கம்

1. துறைமுகத்தை ஒட்டிய களஞ்சியமொன்றில் வேலை செய்யும் பெண், ஒரு பெட்டியை வைத்த இடத்தை ஆங்கிலத்தில் குறித்துவிட்டுப் போனார்.
2. குறிப்பில் இருந்த இடத்தில் பெட்டி இல்லை.
3. இன்னொருமுறை இப்படி நடந்தால் வேலை இல்லையென்று மனேஜர் சொல்லிவிட்டார்.
4. அவர் தன் குறிப்புகளையெல்லாம் என்னிடம் கொண்டுவந்தார்.

நான் பொறியியல் படித்தவள். லிங்கநகர் வீட்டில் மாலைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிழைகளை வகைபிரித்துக் காரணம் தேடுவது என் பழக்கம். இவருடைய வசனங்களில் பிழையே இல்லை. ஆனால் எந்தப் பொருளும் இடப்பக்கமோ வலப்பக்கமோ இல்லை; கடல் பக்கம் அல்லது வயல் பக்கம்தான்.

“கடல் பக்கமெண்டு துறைமுகத்துப் பக்கத்தையா சொல்லுறீங்கள்?”

“அது மேற்கெல்லோ மிஸ். கடல் எண்டா விடியிற பக்கம்.”

தெற்கே வெருகல் கரைக் கிராமத்தில் பிறந்தவருக்குக் கடல் கிழக்கில் மட்டுமே. இந்த நகரத்தில் எந்தத் தெருவில் இறங்கினாலும் ஒரு கடல் வருகிறது.

ஜன்னல் சாத்திய அறையில் கிழக்கைக் காட்டச் சொன்னேன். யோசிக்காமல் கையை நீட்டினார். போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

“எங்க இருந்தாலும் தெரியுமா?”

“ஓம். ஏன், உங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்.

இவர் ஒரு கரையோரம் முழுவதையும் உடம்பில் வைத்துக்கொண்டு நடக்கிறார்.

துறைமுகப் பக்கம் தேடிய பெட்டி மறுநாள் கிழக்கு வரிசையில் கிடைத்தது. இப்போது அவர் வரிசை இலக்கத்தை எழுதுகிறார். வேலை நிலைக்குமா என்று மனேஜர் இன்னும் முடிவு சொல்லவில்லை.