இன்னொரு ரத்தப் பரிசோதனை

சோறு நெஞ்சுக்குள் குத்துகிறது என்று என் வீட்டுக்காரர் பத்து நாளாக வெறும் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். பொறுக்காமல் தேனிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாய் நெடுக வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைத் திரையில் காட்டினார். பூஞ்சையாம்.

சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். இலையில் வருவது ஆளுக்குள்ளும் வருமா என்று கேட்டேன்.

"இது வேற பூஞ்சைம்மா. பெரும்பாலும் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்குத்தான் வரும்" என்றவர், சர்க்கரையோடு எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். "மாத்திரையே தொடுறதில்லங்க" என்றார் இவர்.

எச்.ஐ.வி. என்றதும் என் புத்தி கேரளாவுக்குப் போனது. பழம் விற்கப் போய் மாதத்தில் நாலு நாள் கேரளாவில் தங்குகிற மனுஷன். போனில் மலையாளத்தில் அப்படிக் குழைகிறவர். வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போனதும் போனை நோண்டினேன். ஒரு பெண் பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. கூப்பிட்டேன். பழம் எப்போது வரும் என்று வயதான குரல் ஒன்று கேட்டது. வியாபாரிதான். ஆனால் அப்படிப் பேசச் சொல்லி வைத்திருந்தால்?

மறுநாள் ஆஸ்பத்திரியில், "ரிப்போர்ட்ட நீயே வாங்கு" என்றார் இவர். அதிலும் ஏதோ வில்லங்கம் என்றே எனக்குப் பட்டது. பிரித்தேன். சர்க்கரையும் இல்லை, அதுவும் இல்லை.

டாக்டர் விடவில்லை. "மூச்சிரைப்புக்கு ஏதாவது இழுக்கிறீங்களா?"

இவர் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். ஆறு மாதமாகக் காலையும் மாலையும் இழுப்பதுதான். மாத்திரை இல்லையே என்று எனக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லலையா?"

"சொன்னாக. ஆனா கொடிக்கு மருந்தடிச்ச கையோட மழை பேஞ்சா அம்புட்டும் கழுவிட்டுப் போயிரும்ல? அதான் ஒரு மணி நேரத்துக்குப் பச்சத்தண்ணி படாம பாத்துக்கிட்டேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்துங்க. தொண்டையில தங்குனா அங்க எதிர்ப்பு சக்தி குறைஞ்சு பூஞ்சைக்குக் கொண்டாட்டம்." இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "நான் என்னென்னமோ நெனச்சுட்டேங்க" என்றேன்.

"தெரியும். அந்த வியாபாரியம்மா போன் பண்ணி, நீ கூப்பிட்டதச் சொல்லுச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார்: "இந்தக் காயிதம் இல்லாட்டி என்னைய நம்பிருப்பியா?"

நான் ரிப்போர்ட்டை நாலாக மடித்து மாத்திரைப் பைக்குள் வைத்தேன். நாலாம் நாள் அவருக்குச் சோறு இறங்கியது. என்னைப் பரிமாற விடாமல் தானே போட்டுச் சாப்பிட்டார்.