பனித்துளி என்று நீங்கள் சொன்னது

அந்தப் படத்தில் பூவராகன் தியானத்தில் இல்லை. அவருக்கு நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

இந்த நான்கு வரிகளை எழுத எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன...

நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பின்னணியில் பனியில் மிதக்கும் அண்ணாமலை. முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு முதியவர். பாதி மூடிய கண்கள். நெஞ்சின்மேல் பதிந்த வலது கை. நெற்றியில் மினுங்கும் துளிகள். பனித்துளி என்றீர்கள். ஒரு நகைச்சுவை நடிகர் கடைசியில் கண்டடைந்த அமைதி என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

நான் நட்சத்திரங்களின் முகங்களைப் படமெடுப்பவள். சென்னையில் என் ஸ்டுடியோ நாற்காலியில் உட்காராத நடிகர் இல்லை என்று ஒரு காலத்தில் பெருமை பேசியவள். உட்காராதவர் ஒருவர் இருந்தார்... பூவராகன். திரையில் தடுக்கி விழுந்தே நாற்பது ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்தவர். நடிப்பை விட்டதும் சொந்த மாவட்டத்துக்கே திரும்பி, அண்ணாமலை அடிவாரத்தில், செங்கம் சாலை ஆசிரமத்துக்குப் பின்புறம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். படமெடுக்க யாரையும் விடவில்லை. பெங்களூரில் இருந்த மகள் மைதிலி போனில் கெஞ்சியதால்தான் எனக்குச் சம்மதித்தார்.

தை மாதத்து விடியல். அவரை எங்கும் அழைத்துப்போகும் ஆட்டோக்காரர் ஏழுமலைதான் எங்களை அடி அண்ணாமலைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் கொண்டு இறக்கினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பூவராகன் ஐயாவின் கையைப் பிடித்துப் பதனமாக இறக்கிவிட்டார்.

“இன்னாம்மா, இந்த மூஞ்சிய புடிக்கவா மெட்ராஸ்லேர்ந்து வந்தே? மலைய எடு. அதுதான் அசையாம நிக்கும்” என்று சிரித்தார் பூவராகன்.

எப்படிச் சொல்வேன் அந்தக் காலையை! ஏரியில் நீரே தெரியவில்லை. பனிதான் தேங்கிக் கிடந்தது. மலை தரையைத் தொடாமல் வானத்தில் நின்றது. எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி கேட்டது, மாட்டைக் காணோம். நான் நடந்தேனா, மிதந்தேனா என்பதுகூட இன்று நினைவில் இல்லை. பிறகு மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் ஏறியது. பனி முழுவதும் பால்மஞ்சளாக ஊறியது. இருபது ஆண்டுகளாக நான் காத்திருந்த வெளிச்சம்... அதன் நடுவில் அவர்!

வெளிச்சத்தை முகத்தில் திருப்பும் வெள்ளை அட்டையை ஏழுமலையிடம் கொடுத்து, அவருக்கு அருகில் நிற்கச் சொன்னேன். எடுக்கத் தொடங்கினேன்.

சிறிது நேரத்தில் அவர் முகம் மாறியது. சிரிப்பு அதிலிருந்து மெல்ல வடிந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“கொஞ்சம் நிறுத்தும்மா... மாரை அடைக்குது.”

“மேடம், இந்தக் குளிர்ல ஐயாவுக்கு வேர்க்குது பாருங்க” என்றார் ஏழுமலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அட்டைய அசைக்காதீங்க!” என்றேன். பிறகு ஐயாவிடம், “அப்படியே இருங்க சார்... இன்னும் ரெண்டே ரெண்டு” என்றேன்.

அவர் இருந்தார்! நாற்பது ஆண்டுகள், இன்னும் ஒரு தடவை என்று யார் சொன்னாலும் மறுக்காமல் நின்றவர்... எனக்காகவும் நின்றார்.

அவர் நடிக்கிறார் என்று நினைத்தேன் என்று நான் உங்களிடம் சொல்லலாம். நீங்கள் நம்பவும் கூடும். ஆனால் என் தொழிலே முகம். உதடு வெளுப்பதை நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அந்த வியர்வையில் வெளிச்சம் பட்டு உடைவதையும் பார்த்தேன். ஐயோ, எவ்வளவு அழகு என்று நினைத்தேன்!

இரண்டு, பத்தாயிற்று. இருபதாயிற்று. கால் மணி நேரம் ஓடியது.

அவர் கால்கள் மடங்கின. திரையில் அவர் விழும்போது நாமெல்லாம் சிரிப்போமே, அதே போலத்தான் விழுந்தார். ஏழுமலை அட்டையை வீசிவிட்டு ஓடித் தாங்கிக்கொண்டார்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் கேட்டார்: “வலி எப்ப ஆரம்பிச்சுது?”

ஏழுமலை வெளியே ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் மட்டும்தான்.

“விழறதுக்கு முன்னாடிதான் டாக்டர்... அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

உச்சிப்பொழுதுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அந்தக் கால் மணி நேரத்தை நான் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? இன்றுவரை எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே!

காரியங்கள் முடிந்த பிறகு மைதிலியிடம் அந்தப் படத்தைக் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா ரொம்ப வலியில போயிட்டாரோன்னு தூக்கமே இல்லக்கா. இந்த மூஞ்சிய பார்த்ததும்தான் உசுரு வந்துது” என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “கடைசியா எதனா சொன்னாராக்கா?”

“இல்லம்மா. அமைதியா கண்ண மூடிட்டு நின்னாரு.”

அவளுக்காகச் சொன்ன பொய் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தானா? அப்படியென்றால் மறுநாளே அந்தப் படத்தைப் பத்திரிகைக்கு ஏன் அனுப்பினேன்? மேடை மேடையாக ஏறி, அந்தக் கணத்தைப் பற்றி ஏன் தழுதழுத்த குரலில் பேசினேன்?

இப்போது கிரிவலப் பாதைக் கடைகளில் அந்தப் படம் சட்டமிடப்பட்டுத் தொங்குகிறது. வாங்கிப்போய்ப் பூஜையறையில் வைக்கிறார்கள். எவரோ ஒருவர் அதன் முன் கண்மூடி உட்காரும்போதெல்லாம், தண்ணீருக்கடியில் எங்கிருந்தோ அவர் நிறுத்தும்மா என்று சொல்வது போல எனக்குக் கேட்கிறது...

போன மாதம் வேறு ஒரு வேலையாக அந்த மலைக்குப் பக்கத்து வேங்கிக்கால் வரை போயிருந்தேன். திரும்ப ஆட்டோ பிடித்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஏழுமலை! தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும், இன்று கேட்டுவிடப் போகிறார் என்று பயந்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் எழுந்தது.

பேருந்து நிலையம் வந்ததும் வண்டியை அணைத்தார். திரும்பாமலே பேசினார்.

“நீங்க வெளியூரு மேடம். அவரு ஒடம்ப பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? நான் தெனம் பார்க்குறவன். வேர்வைய மொதல்ல பார்த்ததே நான்தான். அட்டைய கீழ போட்டுட்டு அவர இழுத்துன்னு போயிருக்கணும்... புடிச்சின்னு நின்னுட்டேனே! அதுலேர்ந்து நான் மலைய சுத்துறதில்ல மேடம். எந்த மூஞ்சிய வச்சின்னு சுத்துறது?”

ஆறு ஆண்டுகள்! என் பாரத்தை அந்த மனிதர் ஆறு ஆண்டுகளாகத் தம் தலையில் சுமந்திருக்கிறார்!

சொல்லியிருக்கலாம். அட்டையை அசைக்காதே என்றது நான், நிற்கச் சொன்னது நான், மருத்துவரிடம் பொய் சொன்னதும் நான் என்று... மூன்றே வாக்கியங்கள். வாய்வரை வந்தன.

“விடுங்க ஏழுமலை. நடந்தது நடந்துபோச்சு. அதையே நெனச்சிட்டு இருக்காதீங்க” என்றேன்.

கேட்டீர்களா? என் குற்றத்துக்காக நான் அவரை மன்னித்தேன்!

அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ரொம்ப நன்றிங்க மேடம்” என்றார்.

பதிலுக்கு நானும் கைகூப்பினேன். பிறகு சென்னைப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன்.