ஏரோப்ளேனை இறக்குகிற மாமா

மாமாவுக்குப் பெண் தேடி அலுத்துப்போன சமயத்தில்தான் அம்மா அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தாள். தன் தம்பி இல்லாவிட்டால் மெட்ராஸில் ஏரோப்ளேன் தரை இறங்காது என்பது அந்த வாக்கியம். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் தொடங்கி, கல்யாணம் காட்சி என்று போன இடத்திலெல்லாம் அதைச் சொல்லிவைத்தாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதில் பொய் ஒன்றும் கிடையாது. மாமா வேலை பார்த்த விமான மைதானம் வெறும் புல்தரை. சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் அங்கேதான் மேயும். விமானம் இறங்குகிற நேரத்தில் அவற்றை ஓட்டிவிடுவதற்கென்று சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அந்த ஆள்தான் மாமா. அவர் ஓட்டாவிட்டால் விமானம் இறங்க முடியாது என்பது சத்தியமான வார்த்தை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மாட்டுச் சமாசாரம் எனக்குத் தெரியாது. மாமா கையைத் தூக்கினால் ஆகாயத்தில் போகிற ஏரோப்ளேன் அடங்கிக் கீழே வந்துவிடும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் திண்டிவனத்துப் பக்கம் ஓர் ஊரில் பெண் அமைந்தது. சொந்தத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலமும் கிணறும் உள்ள குடும்பம். பெண்ணைப் பெற்றவருக்கு அம்மாவின் வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின காலம் அது. ஏரோப்ளேனைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. அந்தத் தைரியத்தில்தான் அம்மா இருந்தாள்.

அவள் தலையில் இடி விழுந்தது போல, நாங்கள் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், அந்த ஊர் மந்தைவெளியிலேயே ஒரு சின்ன ஏரோப்ளேன் வந்து இறங்கிவிட்டது.

என்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டர் ஒன்று அதில் உண்டாம். அது கெட்டுப்போய்ப் பெட்ரோலும் கசிந்ததால், ஓட்டிவந்த மெட்ராஸ்காரர் பயந்து இறக்கிவிட்டார். ஓடிவந்த ஜனங்களிடம் அவர் முள் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். ஊர் அதைக் கருவேல முள் என்று எடுத்துக்கொண்டது. பெண்ணின் அப்பா இடுப்புக் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை அவிழ்த்துக்கொண்டு, சக்கரம் சக்கரமாகக் குனிந்து தேடினாராம். ஒன்றும் அகப்படாததில் அவருக்கு மனக்குறை.

ஓட்டியவர் திண்டிவனம் போய் மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார். அங்கே மெக்கானிக் காய்ச்சலில் படுத்திருந்தார். மாமா பெண் பார்ப்பதற்காக லீவு போட்டுத் திண்டிவனத்துக்கு ரயில் ஏற இருந்தார். அந்தப் பக்கம்தானே போகிறாய், இதைக் கொடுத்துவிடு என்று புது மீட்டரை ஒரு மரப்பெட்டியில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் திண்டிவனம் ஸ்டேஷனில் நாங்கள் அவரைப் பார்த்தபோது, முகமெல்லாம் வேர்த்து, பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். ஓட்டிவந்தவருக்கு என்னைத் தெரியும், இந்தச் சம்பந்தமும் போச்சு என்றார். அம்மா அவரை அதட்டி வண்டியில் ஏற்றினாள். எனக்கானால் பெருமை தாங்கவில்லை.

பெண் வீட்டில் எங்களுக்குப் பெரிய வரவேற்பு. மாப்பிள்ளை ஏரோப்ளேனுக்கு மீட்டரோடு வந்திருக்கிறார் என்றதும் பாதி ஊர் கூடிவிட்டது. என்னைப் பெண்ணிருந்த உள்ளறைக்கு அனுப்பினார்கள். மெலிந்த உடம்பு, பெரிய கண், கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"உங்க மாமா அதுல ஏறி மேல போவாரா?"

"போவாரே. மேகத்துக்கு மேல போய்க்கினு இருப்பாரு" என்றேன். மாமா மதிப்பை உயர்த்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது?

அவள் முகம் சுண்டிப்போனது. சற்றுப் பொறுத்து உள்ளே வந்த தன் அம்மாவிடம், "எனக்கு வேணாம்மா. ஆகாசத்துல போறவரக் கட்டிக்கினு, தெனம் அண்ணாந்து பாத்துக்கினு கெடக்கச் சொல்றியா?" என்றாள். அந்த அம்மாள் என்னைக் காட்டிக் கண்ணை உருட்டிவிட்டு, மகள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இவ்வளவு பெரிய மாமாவை ஒருத்தி வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் மந்தைவெளிக்குப் போனோம். ஏரோப்ளேன் நான் நினைத்ததைவிடச் சின்னது. அதன் நிழலில் காக்கிக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்த, அதை ஓட்டிவந்தவர் மாமாவைக் கண்டதும், "டேய், நீயாடா கொண்டாந்தே" என்று எழுந்தார். எழுந்தவர் மாமாவின் புது வேட்டியைப் பார்த்தார், சந்தனப் பொட்டைப் பார்த்தார், பின்னால் தாம்பூலத் தட்டோடு நின்ற அம்மாவையும் ஊரையும் பார்த்தார். ஒரு நொடிதான். "வாங்க சார், வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் சொன்ன 'டேய்' சிநேகிதத்தில் வந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பெண்ணின் அப்பா விடவில்லை. மீட்டரை மாப்பிள்ளை கையால்தான் மாட்ட வேண்டும் என்று நின்றார். மாமாவின் கழுத்தில் வேர்வை வழிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேருமா மாட்டுறோங்க. இவரு இல்லேன்னா எங்க ஏரோப்ளேன் ஒண்ணும் தரையில எறங்காது" என்றார் காக்கிக்காரர். அம்மாவின் வாக்கியம் அப்படியே அவர் வாயில் வந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். அன்றைக்கு அந்த மனிதருக்கு அவள் மனதில் கட்டிய கோயில் கடைசிவரை இருந்தது.

என்ஜின் மூடியைத் திறந்து இருவரும் தலையை உள்ளே விட்டார்கள். பெட்ரோல் குழாயை அடைத்து, பழைய மீட்டரைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை வைக்க வேண்டும். மீட்டரின் முதுகில் ஓர் அம்புக்குறி இருந்தது, பெட்ரோல் ஓடுகிற திசைக்கு. மாமா அதைத் திருப்பிப் பிடித்திருந்தார். காக்கிக்காரர் அவர் கையோடு சேர்த்து அதை மெல்லத் திருப்பினார். மாமா தலையை ஆட்டினார். அவர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் காரியம் நடக்கிறது என்று நான் பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கினேன். நடுவில் ஒரு வாஷர் கை நழுவி என்ஜின் இடுக்கில் விழுந்தது. யார் விரலும் நுழையாத இடம். பெண்ணின் அப்பா முள்வாங்கியை நீட்டினார். வாஷர் வெளியே வந்தது. நேற்றே இது வேண்டியிருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றார் அவர்.

குழாயைத் திறந்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. காக்கிக்காரர் விசிறியைச் சுழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது. மீட்டரில் முள் நகர்ந்தது என்று கையைக் காட்டினார். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களோடு ஓரமாக நின்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. மாமாவும் ஏறிவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேய்ச்சலுக்குப் போன ஊர் மாடுகள் திரும்பி வந்தன. என்ஜின் சத்தத்தில் மிரண்டு மந்தைவெளிக்குள் சிதறின. ஆளுக்கொரு பக்கமாகக் கத்த, அவை இன்னும் மிரண்டு ஏரோப்ளேனுக்கு நேர் எதிரே ஓடின.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். மேல்துண்டை உருவிக்கொண்டு ஓடினார். கத்தவில்லை, கல்லெடுக்கவில்லை. நாக்கை மடித்து ஏதோ ஒரு சத்தம் கொடுத்தபடி வளைந்து போய், முன்னால் ஓடிய செவலைப் பசுவை மட்டும் திருப்பினார். மற்றவை தாமாக அதன் பின்னால் போய்விட்டன. மைதானம் துடைத்துவிட்டது போல் ஆனது. மாமா நடுவில் நின்று துண்டை இருமுறை வீசினார். ஏரோப்ளேன் அவர் தலைக்கு மேலே எழும்பிப் போயிற்று. மாமா அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மாடு திரும்பி வருகிறதா என்றுதான் பார்த்தார்.

என் கையைப் பிடித்திருந்த கை மெல்ல இளகியது.

"உங்க மாமாவுக்கு அங்க இதான் வேலையா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மாட்டுக்காரர் இல்லை, ஏரோப்ளேனையே இறக்குகிறவர் என்று சத்தமாகச் சொன்னேன்.

"சரி சரி, எறக்குறவருதான்" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கால் தரையில இருக்குது. எனக்கு அது போதும்."

வீட்டுக்குப் போனதும் அவளே வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அம்மா நெட்டி முறித்தாள், பெண்ணின் அப்பா முள்வாங்கிக் கதையை மறுபடி ஆரம்பித்தார், எல்லோரும் பாயசம் சாப்பிட்டோம். நான் மட்டும் அத்தையாகப் போகிறவள் என் மடியில் திணித்த மல்லாட்டை உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் உம்மென்று வந்தேன். மாமாவைப் போய் மாட்டுக்காரர் என்று நினைத்துவிட்டாளே என்பது ஒரு வருத்தம். கால் தரையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு பெருமையா என்பது இன்னொன்று. வண்டி மாட்டுக்குக்கூடத்தான் கால் தரையில் இருக்கிறது.